தாலி உண்டு, பதிவு இல்லை: பிள்ளைகளுக்குப் பணம் கேட்க முடியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். 2014-இல் கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது, பதிவு செய்யவில்லை. வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் போன கணவர் அங்கே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்னிடம் இருக்கிறார்கள். மனம் வந்தால் ஏதோ அனுப்புவார். கேட்டால், "சட்டப்படி நீ என் மனைவியே இல்லை, ஒரு ரேண்ட் கூடக் கிடைக்காது" என்கிறார். முதலில் விவாகரத்து வாங்க வேண்டுமா?

பதில்: சகோதரி, விவாகரத்துக்காக ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள். அவர் சொல்வது உங்கள் விஷயத்தில் ஓரளவு உண்மையாக இருக்கலாம். பிள்ளைகள் விஷயத்தில் முழுப் பொய்.

பிள்ளை திருமணத்துக்குள் பிறந்ததா வெளியே பிறந்ததா, முதல் திருமணத்தில் பிறந்ததா அடுத்ததில் பிறந்ததா என்றெல்லாம் பார்க்காமல், பெற்றோர் இருவரும் தத்தம் வசதிக்கேற்பச் செலவை ஏற்க வேண்டும் என்கிறது 1998-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். அவருக்குப் புதுக் குடும்பம் வந்துவிட்டதால் உங்கள் பிள்ளைகள் பின்வரிசைக்குப் போய்விட மாட்டார்கள்.

அவர் எங்கே இருந்தாலும், நீங்களும் பிள்ளைகளும் வசிக்கும் பகுதியின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. உங்கள் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், செலவு ரசீதுகள், அவருடைய வேலையிடத்தின் பெயரும் முகவரியும் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சம்மன் கிடைத்தும் அவர் வராவிட்டால், அவர் இல்லாமலே உத்தரவு பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

செலவுக் கணக்கில்தான் பெரும்பாலான தாய்மார்கள் தங்களைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக் கட்டணத்தையும் மருந்தையும் எழுதிவிட்டு வாடகையை விட்டுவிடுவார்கள். பிள்ளைகளும் அந்தக் கூரையின் கீழ்தானே தூங்குகிறார்கள்! வாடகை, மளிகை, மின்சாரம் போன்ற பொதுச் செலவைப் பிரிக்கும்போது பெரியவருக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று வைப்பது இங்கே வழக்கம். உங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பங்கு. வாடகை 6,000 ரேண்ட் என்றால் பிள்ளைகளின் பங்கு 3,000. இதனுடன் அவர்களுக்கே உரிய செலவுகளைச் சேருங்கள். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது வரும் சீருடை, புத்தகச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் எழுதுங்கள். வரும் மொத்தத்தை இருவர் வருமானத்துக்கும் ஏற்பப் பிரிப்பார்கள்: நீங்கள் 8,000-மும் அவர் 16,000-மும் சம்பாதித்தால் மூன்றில் இரண்டு பங்கு அவருடையது. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் தொகை உயர வேண்டும் என்பதையும் உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

பதினெட்டு வயதானதும் தந்தையின் கடமை தானாக முடிந்துவிடாது. பிள்ளை சொந்தக் காலில் நிற்கும் வரை அது தொடரும்.

இனி உங்கள் திருமணம். நடத்தி வைத்த குருக்கள் அரசு நியமித்த திருமண அலுவலராக இருந்து, நீங்கள் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டிருந்தால், அது சட்டப்படியான திருமணமே. எனவே முதலில் உள்துறை அலுவலகத்தில் உங்கள் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். திருமணமானவர் என்று இருந்தால், மண்டல நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ விவாகரத்தும் சொத்துப் பங்கும் கேட்கலாம். வெறும் சடங்கோடு நின்றிருந்தால் விவாகரத்து என்ற வழியே உங்களுக்கு இருக்காது. 2007-இல் டர்பன் உயர் நீதிமன்றம் இத்தகைய இந்துத் திருமணத்துக்கு விவாகரத்து வழங்க மறுத்தது. அதே நீதிமன்றம் 2008-இல், அப்படி மணந்தவர் உயில் இல்லாமல் இறந்தால் துணைக்கு வாரிசுரிமை உண்டு என்று ஏற்றது. நம் திருமணங்கள் செல்லாது என்ற 1913-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எதிர்த்துப் பெண்கள் சிறை சென்ற மண் இது; தில்லையாடி வள்ளியம்மை உயிரையே கொடுத்தாள். நூறாண்டு கடந்தும் தாலி கட்டிய பெண் வாதாடித்தான் பெற வேண்டியிருப்பது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. உங்களுக்கான ஜீவனாம்சத்துக்கும், இருவரும் உழைத்துச் சேர்த்த பொருளில் பங்குக்கும் வேறு வழிகளில் வாதாட இடம் உண்டு. அதற்கு வழக்கறிஞர் வேண்டும். வசதி இல்லாவிட்டால் அரசின் சட்ட உதவி அமைப்பை அணுகுங்கள். (தமிழ்நாட்டில் சட்டப்படி மணமுடித்து இங்கு வந்தவர்களின் நிலை வேறு, அந்தத் திருமணம் இங்கும் செல்லும்.)

உத்தரவு வந்தபின் அவர் கட்டாவிட்டால், சம்பளத்திலிருந்தே பிடித்து அனுப்புமாறு முதலாளிக்கு உத்தரவிடக் கேட்கலாம். வேண்டுமென்றே கட்டாமல் இருப்பது குற்றம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கி வழியாக வந்தால் எந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். பணம் வரவில்லை என்று பிள்ளைகளைப் பார்க்க விடாமல் தடுக்க வேண்டாம். பணம் வேறு, பார்க்கும் உரிமை வேறு என்றே நீதிமன்றம் பார்க்கும். அதேபோல் "பார்க்க விடவில்லை, அதனால் கட்டவில்லை" என்று அவரும் சொல்ல முடியாது. எந்த வார இறுதி, எந்தப் பள்ளி விடுமுறை என்பதில் தகராறு வந்தால், குடும்ப வழக்குகளுக்கான அரசு வழக்கறிஞரின் அலுவலகம் கட்டணமின்றி இருவரையும் உட்கார வைத்து ஏற்பாடு செய்து தரும்.