ஹெட்போன் 16,990 ரூபாய், ஓடிபி எவ்வளவு?

கேள்வி: செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு தினமும் மின்சார ரயிலில் போய் வருகிறேன். சம்பளம் கைக்கு 41,000 வருகிறது. ரயில் இரைச்சலைக் குறைக்கிற, பேஸ் நன்றாக உள்ள வயர்லெஸ் ஹெட்போன் வாங்க ஆசை. சோனி அல்ட் வேர் 16,990 சொல்கிறார்கள், ஆறு மாத நோ காஸ்ட் ஈஎம்ஐ உண்டு. என் கிரெடிட் கார்டு லிமிட் 80,000, பாக்கி 62,000. அதில் பெரும்பகுதி தங்கை வீட்டு மாப்பிள்ளை வாங்கியது. அவர் கேட்டால் ஓடிபி சொல்லிவிடுவேன், பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜிபே செய்துவிடுவார். மினிமம் டியூ 3,100 தவறாமல் கட்டுகிறேன். ஆர்டி-யில் 45,000 சேர்ந்திருக்கிறது, மாதம் 2,500 போகிறது. வட்டியில்லாத ஈஎம்ஐதானே, எடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஆனால் உங்களுக்குக் கெடுதல் செய்வது ஹெட்போன் இல்லை, போனில் நீங்கள் படித்துச் சொல்கிற அந்த ஆறு எண்கள்தான்.

மாப்பிள்ளை 4,000 ரூபாய்க்கு ஒரு பொருள் வாங்கி மூன்று மாதம் கழித்து 4,000-ஐத் திருப்பித் தருகிறார் என்று வையுங்கள். கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். பழைய பாக்கி இருக்கிற கார்டில் புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.6 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்றால் ஏறக்குறைய 4.25 சதவீதம். மூன்று மாதத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் உங்கள் பங்கு. இதைவிட மோசம், அவர் ஜிபே செய்கிற பணம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது, கார்டுக்குப் போவதில்லை. மளிகையிலும் பெட்ரோலிலும் அது கரைந்துவிடுகிறது. கடன் மட்டும் கார்டிலேயே நிற்கிறது.

62,000-க்கு ஒரு மாத வட்டியும் ஜிஎஸ்டியும் சுமார் 2,630. நீங்கள் கட்டுவது 3,100. அசலில் குறைவது 470 ரூபாய்! பத்து மாதத்தில் 31,000 கட்டியும் பாக்கி ஆறாயிரம்கூடக் குறையாது, அதுவும் மாப்பிள்ளை இடையில் ஒன்றும் வாங்காமல் இருந்தால்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வட்டியே இல்லாத கடன் என்ற பேச்சை ரிசர்வ் வங்கி 2013-லேயே ஏற்கவில்லை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, கடைக்காரர் அதைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார். வட்டிமீது வரும் ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில். உங்கள் தொகைக்கு எல்லாம் சேர்ந்து 350, 400 ரூபாய் வரலாம், அது பெரிய விஷயமில்லை. மாதத் தவணை 2,830 முழுதாக மினிமம் டியூவில் சேரும், 3,100 என்பது 5,900-ஐத் தாண்டும் என்பதுதான் விஷயம். லிமிட்டிலும் ஆயிரம் ரூபாய்தான் மிஞ்சும். அப்படி விளிம்பு வரை நிரம்பிய கார்டு, உங்கள் கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணையும் இறக்கும்.

செய்ய வேண்டியது இது. ஆர்டி-யை முடித்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி எடுத்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். ஆறு, ஏழு சதவீதம் சம்பாதிக்கிற பணத்தை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஐம்பது சதவீதம் வட்டி கட்டுவதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. 40,000-ஐ கார்டில் கட்டினால் பாக்கி 22,000. ஆர்டி-க்குப் போன 2,500-ஐயும் சேர்த்து மாதம் 5,600 கட்டுங்கள், ஐந்தாவது மாதம் முடிந்துவிடும். முழுதும் கட்டிய பிறகும் அடுத்த ஸ்டேட்மென்டில் சில நாள் வட்டி சிறு தொகையாக வரும். அதை விட்டுவிட்டால் திரும்பவும் வட்டி ஓட ஆரம்பிக்கும்.

இன்றே வங்கி ஆப்பைத் திறந்து கார்டின் ஆன்லைன் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். மாப்பிள்ளையின் ஷாப்பிங் ஆப்பில் உங்கள் கார்டு சேமிக்கப்பட்டிருக்கும், அதையும் நீக்கச் சொல்லுங்கள். "கார்டை பிளாக் பண்ணிட்டேன் மாப்பிள்ளை, கடன் முடியற வரைக்கும் திறக்க மாட்டேன்" என்றால் போதும், விளக்கம் தேவையில்லை. அவர் தர வேண்டியதை இனி நேராக கார்டு பில்லிலேயே கட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான யுபிஐ ஆப்களில் இன்னொருவரின் கார்டு பில்லையும் கட்டலாம்.

ஆறாவது மாதத்திலிருந்து 5,600 உங்கள் கையில் நிற்கும். மூன்று மாதம் சேர்த்து, மேலே இருநூறு ரூபாய் போட்டால் நீங்கள் கேட்ட ஹெட்போன் ரொக்கத்தில் வரும். 2024-ல் வந்த அல்ட் வேரில் 40 மிமீ டிரைவர் (ஒலி எழுப்பும் பகுதி), பேஸைக் கூட்டத் தனிப் பட்டன் எல்லாம் உண்டு, பேஸ் பிரியர்களுக்காகவே செய்தது. ஆனால் அவ்வளவு தேவையா என்று பாருங்கள். ஜேபிஎல் டியூன் 770என்சி-யிலும் 40 மிமீ டிரைவர்தான், விலை கணிசமாகக் குறைவு. சோனியின் சிஎச்720என் 192 கிராம்தான், காதுக்குச் சுகம், பேஸ் மட்டும் சற்று அடக்கம்.

பெட்டியில் 'ஈஎன்சி' என்று மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். அது பேசும்போது உங்கள் மைக்கில் விழும் இரைச்சலைக் குறைப்பது, உங்கள் காதுக்கு ஒன்றும் செய்யாது. 'ஏஎன்சி' என்று இருக்க வேண்டும். அதுவும் ரயிலின் தொடர்ந்த உறுமலைத்தான் நன்றாக அடக்கும், எதிர் இருக்கைக்காரர் போனில் பேசுவது கேட்கத்தான் செய்யும். கண்ணாடி போடுபவராக இருந்தால் அதைப் போட்டுக்கொண்டே சோதியுங்கள். கண்ணாடிக் காம்பு காது மெத்தையைத் தூக்கிப்பிடித்து இடைவெளி விட்டால் பேஸும் இரைச்சல் தடுப்பும் ஒன்றாகக் குறையும், எத்தனை ஆயிரம் கொடுத்திருந்தாலும் சரி. இரண்டு மூன்று வருடத்தில் உரிந்துபோவது அந்த மெத்தைதான், வாரன்டியில் பெரும்பாலும் வராது. அந்த மாடலுக்கு மாற்று மெத்தை கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். கூடுதல் வாரன்டி விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.