மூச்சு வந்தது, வாசனை வரவில்லை

அன்புள்ள ஐயா,

மூக்கில் சதை வளர்ந்து பல வருடம் அவதிப்பட்டேன். இரண்டு மாதம் முன்பு சைனஸ் அறுவை சிகிச்சை நடந்தது. மூச்சு நன்றாக வருகிறது, வாசனைதான் இல்லை. எப்போதாவது ஏதோ வந்து உடனே போய்விடுகிறது. "மூச்சு விட முடிகிறதே, போதாதா?" என்கிறார்கள் வீட்டில். உங்களுக்கும் இதே சிகிச்சை நடந்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்குத் திரும்புமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போதாது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கு தருவதுதான். அது இல்லாமல் தினமும் சாப்பிட உட்காருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் வருத்தம் நியாயமானது.

வாசனையை உணரும் நரம்புச் செல்கள் மூக்கின் உச்சியில், ஒரு குறுகலான இடுக்கில் இருக்கின்றன. கீழே காற்று தாராளமாகப் போனாலும் அங்கே வீக்கமோ பொருக்கோ இருந்தால் வாசனை எட்டாது. அது வடிய வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதக்கணக்கில். நாள்பட்ட அழற்சியில் அந்தச் செல்களே நலிந்திருக்கவும் கூடும். ஆனால் மறுபடி முளைக்கக்கூடிய அபூர்வமான நரம்புச் செல்கள் அவை.

வந்து வந்து போகிறது என்கிறீர்களே, அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். எனக்கு முதலில் வந்தது கிராம்பு. டப்பாவைத் திறந்து முகர்ந்தால் சுருக்கென்று ஒரு காரம் மட்டும் ஏறும். அது வேறொரு நரம்பின் வேலை, வாசனை அல்ல. ஒருநாள் அந்தக் காரத்துக்குப் பின்னால் லேசான இனிப்போடு கிராம்பே வந்தது. அடுத்த மூச்சில் இல்லை. அப்புறம் சில நாள் கழித்து மறுபடி வந்தது.

முகர்தல் பயிற்சி செய்து பாருங்கள். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும், ஒவ்வொன்றும் சுமார் 10 வினாடி, 12 வாரம் முகர வேண்டும். அவர்கள் சோதித்தது சைனஸ் நோயாளிகளிடம் அல்ல. ஆனாலும் இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. முகரும்போது அந்த வாசனையை மனதில் வரவழைத்துப் பாருங்கள். ஸ்ப்ரேயையும் உப்புநீர்க் கழுவலையும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

திரும்பும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இரண்டு மாதத்தில் கைவிடாதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். பழகிய வாசனை கருகல் போலத் திரிந்து வந்தாலும் பயப்படாதீர்கள், மீளும் வழியில் அப்படியும் நேர்வதுண்டு. அடுத்த முறை எண்டோஸ்கோப்பில் அந்த மேல் இடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், சதை மறுபடி வளர்வதும் உண்டு. அதுவரை கேஸ் கசிவை அறிவிக்கும் அலாரம் ஒன்றை வீட்டில் மாட்டிவிடுங்கள். கெட்டுப்போன சாப்பாட்டை வேறு யாராவது முகர்ந்து பார்க்கட்டும்.