கச்சான் காலத்தில் பின்னேரக் கயாக்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

ஏப்ரலில் மட்டக்களப்புக் கடல் அடங்கியதும் எங்கள் கழகத்தின் பின்னேரக் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) பயணங்கள் தொடங்கும்; செப்டெம்பர் வரை ஓடும். இந்த முறை சேர விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒரு தடவைதான் எடுத்திருக்கிறேன். காற்றைப் பற்றிய பதில் மட்டும் நீளும், பொறுத்துக்கொள்ளுங்க.

கல்லடியிலிருந்து ஒரு மாணவர்: அண்ணன், ஜூன், ஜூலையில பின்னேரக் கடல் குளம் மாதிரிக் கிடக்கு. புதுசாப் பழகுறவங்களுக்கு அதுதானே லேசு?

தம்பி, எனக்குக் கூடுதல் பயம் தருவதே அந்தக் குளம்தான். அது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலம். காற்று தரைப் பக்கமிருந்து கடலுக்குப் போகும். கரையோரத்தில் தென்னையும் வீடும் காற்றை மறிப்பதால் முதல் நூறு, இருநூறு மீற்றருக்குத் தண்ணீரில் ஒரு சுருக்கமும் தெரியாது. நீங்கள் துடுப்பை ஒள்ளுப்பம் போட்டாலே கயாக் வழுக்கிக்கொண்டு போகும். ‘நல்லாப் பழகிட்டம்’ என்று மனம் சொல்லும். உண்மையில் முதுகில் காற்றுத் தள்ளுகிறது. கிறுகித் திரும்பும்போதுதான் கணக்கு விளங்கும்.

சாதாரணமாக ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் துடுப்புப் போட்டால் மணிக்கு நாலைந்து கிலோமீற்றர் போவார். 15 நொட் காற்று, அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர், முகத்தில் அடித்தால் அந்த வேகம் பாதியாகும். களைத்தவருக்கு அதுவும் கிடையாது. கரையை விட்டுத் தள்ளிப்போகப் போக அலையும் கூடும். கரையில் நிற்பவரின் கண்ணுக்குக் கடல் அப்போதும் அமைதியாகத்தான் தெரியும், அலையின் முதுகுப் பக்கத்தைத்தானே அவர் பார்க்கிறார்.

இன்னொன்று. பல நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பி, கச்சானை எதிர்த்துக் கரைக்கு வீசும். வெயில் தாழும்போது அது ஓயும். ஓய்ந்ததும் தரைக்காற்று பழையபடி கையை ஓங்கும். நாங்கள் போகிற நேரமும் அந்த மாற்றம் நடக்கிற நேரமும் ஒன்றுதான். நாலு மணிக்குப் பார்த்த கடலை நம்பி ஆறு மணிக்குத் திட்டம் போடக்கூடாது.

ஆரையம்பதியிலிருந்து: அப்ப எப்படித்தான் போறது? வழி எப்படித் தெரிவு செய்றீங்க?

கரையோடு ஒட்டி. தரைக்காற்று இருக்கும் நாளில் இடுப்பளவு, நெஞ்சளவு ஆழத்துக்கு வெளியே எவரையும் விடமாட்டேன். போகும்போது காற்றுக்கு எதிராக, வரும்போது காற்றோடு: இது மாறாத முறை. தென்மேற்குப் பக்கமிருந்து வீசினால் முதலில் தெற்கே போவோம். களைத்த பிறகு காற்று வீட்டுக்குக் கொண்டுவந்து விடட்டும்.

காற்று மணிக்கு 18 கிலோமீற்றரைத் தாண்டும் என்று வானிலை காட்டினால் புதியவர்களைக் கடலில் இறக்குவதில்லை. அன்றைக்கு மட்டக்களப்பு வாவியில்தான் பயணம். வாவியிலும் காற்று இருக்கும், ஆனால் அது தள்ளிக்கொண்டுபோய் மறுகரையில் விடும். கடலுக்கு அப்படி ஒரு மறுகரை பக்கத்தில் இல்லை.

செங்கலடியிலிருந்து: கடல்ல சூரியன் மறையிறதப் படம் எடுக்க எந்த இடம் நல்லம்?

நாங்கள் இருப்பது கிழக்குக் கரை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், வாவிப் பக்கம்தான் மறையும். மறையிற படம் வேண்டுமென்றால் வாவிக்கு வாங்க. கடலில் எடுக்க விரும்பினால் விடியற்காலை எழும்புங்க.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: நான் நீந்தப் பழகல்ல. அதோட உடுப்புப் பிரச்சினையும் இருக்கு. சேரலாமா?

சேரலாம் தங்கச்சி. நீந்தத் தெரியாதவர்களுக்கு வாவியிலும் பாசிக்குடாவிலும் மட்டும்தான் இடம், அதுவும் இருவர் கயாக்கில் முன் இருக்கையில். பாசிக்குடாவில் தண்ணீர் வெகுதூரத்துக்கு இடுப்பளவுக்குள்தான் நிற்கும். பழகுவதற்கு இந்தக் கரையில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மிதப்பு அங்கியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கடையில் ‘லைஃப் ஜக்கெட்’ என்று விற்பதெல்லாம் ஒன்றல்ல. உள்பக்கத் துணியில் மிதக்கவைக்கும் விசை 50 நியூட்டன் என்றிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு மிதக்க உதவும் அங்கி. 100 அல்லது அதற்கு மேல் என்றிருப்பதுதான் முகத்தை மேலே திருப்பி வைக்கும் வகையில் செய்தது. உங்களுக்கு அந்த இரண்டாவது. கொக்கியெல்லாம் பூட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்க. காதுவரை ஏறினால் அளவு பெரிசு.

உடுப்பு முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை வகையாக இருக்கட்டும். வெயிலுக்கும் அதுதான் நல்லது. அபாயா மட்டும் வேண்டாம். நனைந்தால் காலைச் சுற்றும், கவிழ்ந்தால் திரும்ப ஏற விடாது. தலையை இறுக்கிக் கட்டும் விளையாட்டு வகை முக்காடு சரி, ஊசி குத்தாமல். பெண்கள் மட்டும் போகும் பயணமும் உண்டு.

வாழைச்சேனையிலிருந்து: கவிண்டா என்ன செய்றது?

முதலில் கயாக்கைப் பிடியுங்க. துடுப்பை அடுத்ததாக. கரை கிட்டத்தானே என்று நீந்தப் போகாதீங்க. தண்ணீரில் ஒரு தலை எவருக்கும் தெரியாது, மஞ்சள் கயாக் தெரியும்.

மேலே அமரும் வகை என்றால் மறுபக்கம் கையைப் போட்டு உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டுங்க. பிறகு காலை உதைத்து உடம்பைத் தண்ணீரில் கிடையாகக் கொண்டுவந்து, வயிறு இருக்கைக்கு மேல் வரும்வரை ஏறி, மல்லாந்து உட்காருங்க. கையால் தூக்கி ஏறப் பார்ப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப விழுவார்கள். உள்ளே அமரும் வகையில் தண்ணீர் நிறைந்துவிடும். தோழர் ஒருவர் முன்மூக்கைத் தன் கயாக்குக்குக் குறுக்கே தூக்கி வடித்துத் தரவேண்டும். அதனால்தான் தனியே போகவேண்டாம் என்கிறோம். எங்கள் கடல் 28 பாகைக்குக் கீழே பெரிதாக இறங்காது, குளிரில் விறைக்கிற ஆபத்து இல்லை. களைப்பும் தாகமும்தான் எதிரி. ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொண்டுவாங்க.

இதை வாசித்துப் பழக முடியாது. முதல் நாள் பாசிக்குடாவில் எல்லாரையும் வேண்டுமென்றே கவிழ்ப்போம். மறுகாதான் பயணம்.

கல்குடாவிலிருந்து ஒரு கடற்றொழிலாளி: உங்கட ஆக்கள் கரைவலை இழுக்கிற நேரம் நடுவால வாறாங்க. எங்கட பிழைப்பு இது, விளையாட்டில்ல.

உங்கள் பக்கம்தான் நியாயம் அண்ணன். கழகத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்: கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் கயிறு இழுத்தால் நடுவில் வலை இருக்கிறது என்று அர்த்தம். கயிறு தண்ணீருக்குள் இருப்பதால் தெரியாது. உள்ளே நுழைந்தால் மீன் கலையும், துடுப்பும் சிக்கும். வெளியால் சுற்றிப் போகலாம் என்று நினைக்காதீங்க. மீன் சேரும் வலையின் மடி வெகுதூரத்தில் கிடக்கும். அங்கே கச்சான் காத்திருக்கும். கரைக்கு வந்து, கயாக்கைத் தூக்கிக்கொண்டு நடந்து, அடுத்த பக்கம் இறக்குங்க. மனமிருந்தால் ஒரு கை கயிறும் பிடித்துக் கொடுங்க.

வாவியிலும் அப்படியே. கம்பு நட்ட இடம், போத்தல் மிதக்கும் இடம் எல்லாம் எவருடையதோ வலை. அத்தாங்கு என்கிற கைவலையோடு இறால் பிடிக்க இறங்கி நிற்பவரைச் சுற்றி அகலமாகப் போங்க.

மண்டூரிலிருந்து: வாவியில முதலை இருக்கே?

இருக்கு. கண்டல், கண்ணா மரங்கள் அடர்ந்த ஓரங்களுக்குப் பொழுது படும் நேரம் போகாதீங்க. காலைத் தண்ணீருக்குள் தொங்கப் போடாதீங்க.

கோட்டைமுனையிலிருந்து: போயா இரவுல போறீங்களாமே. மீன் பாடுறது கேக்குமா?

நாங்கள் போவது பெரும்பாலும் போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு, முதல் நாள். முழுநிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் எழும்பும். அடுத்த நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தும். முதல் நாள் என்றால் வெளிச்சம் போகுமுன்னே நிலா மேலே நிற்கும். ஜூனில் 6.20ஐத் தாண்டிச் சூரியன் மறையும், பிறகு இருபது நிமிடத்தில் இருட்டு. மேனாட்டுக் கோடைபோல இங்கே நீண்ட மாலை கிடையாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் வெள்ளை டோர்ச் இருக்கவேண்டும். துடுப்பால் ஓடும் படகுக்குக் கடற்சட்டமும் அதைத்தான் கேட்கிறது. தலையில் கட்டும் விளக்கை எரியவிட்டுக்கொண்டே வராதீங்க, பக்கத்தில் வருபவரின் கண் கூசும். விசிலை அங்கியில் கட்டுங்க.

மீன் பாடுவதாக ஊர் சொல்லும், வாவித் தண்ணீருக்குள்ளிருந்து வரும் அந்தப் பாட்டுக் கேட்க ஏற்ற இடம் கல்லடிப் பாலத்தடி, 1924இல் திறந்த பழைய பாலத்தின் பக்கம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைப்பது ஊர் வழக்கம். மரத் துடுப்பு ஒன்று கொண்டு வருவோம். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கிலேய அரசின் அதிகாரியும் படகில் போய்க் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். மீனவர்கள் அவரிடம் அது ஊரியின், அதாவது ஓட்டுக்குள் வாழும் நீர் நத்தையின், சத்தம் என்றார்களாம். மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பாலத்தில் வாகனம் குறையும்வரை பொறுக்க வேண்டும், சிலநாள் ஒன்றும் கேளாமலே திரும்புவோம். காசு திருப்பித் தரப்படாது.

ஏறாவூரிலிருந்து: ஹேர்மிஸ் கப்பல் தாண்ட இடத்துக்குக் கயாக்கில போகலாமா?

வேண்டாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாழ்த்திய அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. மேலே நின்று பார்த்தால் தண்ணீர்தான். அதற்காகத் தரைக்காற்றில் திறந்த கடலுக்குப் போவது புத்தியல்ல.

பாலமீன்மடுவிலிருந்து: வெளிச்சவீட்டுப் பக்கத்தால வாவியிலிருந்து கடலுக்கு இறங்கலாமா?

கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் இறங்க வழியே இல்லை. திறந்திருந்தால் வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் மோதுகிற இடத்தில் கயாக் நிற்காது. மாரியில் வெள்ளம் வடிய ஆற்றுவாய் வெட்டியிருக்கும் நாட்களில் கிட்டவும் போகாதீங்க.

அக்கரைப்பற்றிலிருந்து: அறுகம்குடாவுக்கு எப்ப வாறீங்க?

மே தொடக்கம் அங்கே அலைச்சறுக்கு ஆட்களின் காலம். அலைமுனையில் கயாக் கொண்டுபோய் அவர்களின் பாதையில் குறுக்கே விழுந்தால் இரு பக்கமும் காயம். வந்தால் பொத்துவில் களப்பில்தான் இறங்குவோம், அதுவும் காலையில். பொழுதுபட்டால் அந்தக் கரைக்குச் சிலநேரம் யானை வரும்.

கிரான்குளத்திலிருந்து: வேலை முடிஞ்சு வர அஞ்சரை ஆகிடும். ஒள்ளுப்பம் காத்திருப்பீங்களா?

மாட்டோம். நாலேகாலுக்கு அங்கி போடுவோம், நாலரைக்கு இறங்குவோம், ஐந்தேகாலுக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம். நிலாப் பயணத்துக்கு மட்டும் ஆறு மணி. கரையில் ஒருவர் பெயர்ப்பட்டியலோடு நிற்பார். குறித்த நேரத்துக்கு அரை மணித்தியாலம் கழிந்தும் எவராவது வரவில்லை என்றால் மீனவர்களின் படகை எழுப்புவார், பொலிஸ் அவசர இலக்கமான 119க்கும் சொல்வார். உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் பொருந்தும்.