மேட்டில் வீடு, பள்ளத்தில் வயல்: அண்ணாச்சியிடம் கேட்டவை

கேள்வி: அண்ணாச்சி, தாமிரபரணிக் கரை ஊர்களில் அந்தக் காலத்து ஆட்கள் ஆற்றை ஒட்டித்தானே குடியேறியிருப்பார்கள்?

ஒட்டி இல்லை தம்பி, எட்டி. தண்ணீர் வேண்டும், வெள்ளம் வேண்டாம். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. வாய்க்கால் பாயும் நிலத்தில் வீட்டைக் கட்டிவிட்டால் நெல்லை எங்கே நடுவது? ஆதிச்சநல்லூர் பரம்பில் ஏறி நின்று பாருங்கள். 114 ஏக்கர் சரளை மேடு, காலில் கல் குத்தும், ஏர் இறங்காது. இறந்தவர்களை வைத்த தாழிகளை அங்கேதான் புதைத்தார்கள். செத்தவர்களுக்குக்கூட நஞ்சையில் இடம் கொடுக்கவில்லை!

கேள்வி: எங்கள் நாங்குநேரிப் பக்கம் ஆறே இல்லையே?

குளம் இருக்கிறதே. மடைக்கு நேர் கீழே வயல், குளம் நிரம்பி வழியும் மறுகால் தண்ணீர் வராத பக்கத்து மேட்டில் வீடுகள். சனம் பெருகினால் முதலில் தெரு நீளும். மேடு தீர்ந்ததும் நாலு குடும்பம் வேறு மேடு தேடிப் போகும். அப்புறம் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'மேல', 'கீழ', 'புது' ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெயர் குறிச்சி என்று முடிகிறது. குறிச்சி என்றால் குறிஞ்சி நிலத்து ஊர். நாங்கள் மலையிலிருந்து வந்தவர்களா?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். இலக்கணம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கல்லிடைக்குறிச்சியைச் சுற்றிப் பாருங்கள், கன்னடியன் கால்வாய் பாயும் நெல்வயல். ஊர்ப் பெயர் கிரயப் பத்திரம் இல்லை.

கேள்வி: விடமாட்டேன் அண்ணாச்சி. மங்கலம் என்ற பெயரும் பொய்யா?

சரி, இதில் பாதி ஜெயித்துவிட்டீர்கள். சேரன்மாதேவி கல்வெட்டுகளில் சதுர்வேதிமங்கலம் என்று வருகிறது, பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊர். அந்தப் பெயர் ஊர் கைமாறியதைச் சொல்கிறது, பிறந்ததை அல்ல. விளைகிற ஊரைத்தானே தானம் கொடுப்பார்கள்?

கேள்வி: கொற்கை துறைமுகமாமே, கடல் எங்கே?

ஆற்று வண்டல் மேவி மேவிக் கடல் 6, 7 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறை பழையகாயலுக்கு நகர்ந்தது, பிறகு புன்னைக்காயல், தூத்துக்குடி. கொற்கை இன்று வயற்காட்டு ஊர்.

கேள்வி: பட்டி, விளை இதற்கெல்லாம்...

பெயர்க் கேள்வி போதும் தங்கச்சி. சொல்லிவிட்டேன்.

கேள்வி: பைபாஸ் ஓரம் நஞ்சையை மனையாக்கி மலிவாகத் தருகிறார்கள், வாங்கலாமா?

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. பெய்ததே, அந்த வாரம் உங்கள் மனையில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். அப்புறம் விலை பேசலாம்.