காரைக்குடிக் கட்டிலும் ‘வரியே இல்லை’ என்ற ஏஜென்ட்டும்

கேள்வி: நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்காகக் காரைக்குடியில் ஒரு தேக்கு ஊஞ்சல், கட்டில், அலமாரி மூன்றுக்கும் முன்பணம் கட்டிவிட்டோம். எல்லாம் சேர்த்து நம் காசுக்கு 8,000 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. சென்னை ஏஜென்ட் ஒருவர், “பழைய வீட்டுச் சாமான் என்று போட்டுவிட்டால் வரியே இல்லை, உங்கள் வீட்டு வாசலில் இறக்கித் தருகிறோம்” என்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் என் தம்பி அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறான். அவன் பெயரில் போடலாம் என்றும் சொல்கிறார். இங்கே ஊரில் ஒருவர் கிள்ளான் துறைமுகத்தில் தனக்கு ஆள் இருப்பதாகச் சொல்லி 800 வெள்ளி கேட்கிறார். யாரை நம்புவது? உண்மையில் வரி எவ்வளவு வரும்?

பதில்: இரண்டு பேரையும் நம்ப வேண்டாம் அம்மா. கடைக்காரருக்கு மிச்சப் பணம் அனுப்பும் முன்பே எழுதினீர்களே, அது நல்லது. பெட்டி கிள்ளானில் வந்து இறங்கிய பிறகுதான் பெரும்பாலானவர்கள் என்னிடம் வருகிறார்கள். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு.

வரிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கஸ்டம்ஸ் வரி போடுவது சாமானின் விலைக்கு மட்டும் இல்லை. சாமான் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டிய தொகைக்கு இறக்குமதி வரி. அந்தத் தொகையோடு இறக்குமதி வரியையும் கூட்டி, அதன்மேல் விற்பனை வரி. உங்கள் 8,000 வெள்ளியோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் 1,500 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,500. இறக்குமதி வரி இல்லாத வகை என்றால் விற்பனை வரி 10 விழுக்காட்டில் 950 வெள்ளி. ஒரு பேச்சுக்கு இறக்குமதி வரியும் 10 விழுக்காடு என்றால் அது ஒரு 950. பிறகு 10,450-க்கு விற்பனை வரி 1,045. ஆக 1,995 வெள்ளி. இறக்குமதி வரியின் சரியான விகிதம் எச்.எஸ். எண்ணை, அதாவது சாமான் வகைக்கு உலக அளவில் வைத்திருக்கும் குறியீட்டு எண்ணைப் பொறுத்தது. உட்காரும் சாமான்கள் 9401, கட்டில் அலமாரி 9403. ஊஞ்சலை எதில் சேர்ப்பது என்பதை ஏஜென்ட் முன்கூட்டியே பார்த்துச் சொல்ல வேண்டும். கஸ்டம்ஸின் எச்.எஸ். எக்ஸ்ப்ளோரர் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. மகளை விட்டு எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விகிதம் வந்துவிடும்.

இந்தியாவோடு நமக்கு ஆசியான் வழியாக 2010-லிருந்தும், நேரடியாக 2011-லிருந்தும் வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. உங்கள் சாமானுக்குச் சலுகை விகிதம் இருந்தால் அதைப் பெற இந்தியாவிலிருந்து மூலச் சான்றிதழ், அதாவது சாமான் அங்கே செய்யப்பட்டது என்பதற்கான சான்று, வர வேண்டும். ஆசியான் ஒப்பந்தத்துக்கு அதன் பெயர் ‘பாரம் ஏ.ஐ.’ அதை ஏற்றுமதி செய்கிறவர்தான் அங்கே விண்ணப்பித்து வாங்க முடியும். பெட்டி கப்பல் ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால் கடைக்காரர் போனை எடுக்க மாட்டார்.

இனி அந்த ‘பழைய வீட்டுச் சாமான்’ விஷயம். இதில்தான் நம் மக்கள் அதிகம் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். விலக்கு என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. 2017-ஆம் ஆண்டின் சுங்க வரி விலக்கு ஆணையில் இறக்குமதி வரிக்கும், 2018-ஆம் ஆண்டின் ஆணையில் விற்பனை வரிக்கும் வழி இருக்கிறது. ஆனால் அது யாருக்கு? வெளிநாட்டில் குடியிருந்துவிட்டு இங்கே குடிவருகிற ஆளுக்கு. எந்தச் சாமானுக்கு? அவர் அங்கே தனக்குச் சொந்தமாக வைத்து, குறைந்தது 3 மாதம் புழங்கிய சாமானுக்கு. சொந்தம், புழக்கம் இரண்டும் வேண்டும். உங்கள் தம்பி சென்னையில் படுத்த கட்டில், அவர் வீட்டுச் சோபா, துணி துவைக்கும் இயந்திரம், பிள்ளைகளின் படிப்பு மேசை, பாத்திரம் பண்டம் எல்லாம் இதில் வரும். பாஸ்போர்ட் நகல், வேலை முடிந்த கடிதம், சாமான் பட்டியல் இவற்றோடு அவர் பெயரில் தாராளமாகக் கொண்டு வரலாம். அது அவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. அவர் வருவதற்கும் பெட்டி வருவதற்கும் இடையே நாள் இழுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

காரைக்குடியில் நீங்கள் முன்பணம் கட்டிச் செய்யச் சொன்ன கட்டில் அவர் புழங்கிய கட்டில் ஆகாது. பாலிஷ் வாடை போகாத கட்டிலைப் பார்த்து ஒரு அதிகாரி “இதில் யார் படுத்தது?” என்று கேட்டால் உங்கள் தம்பி என்ன சொல்வார்? இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த விலக்கில் வந்த சாமானை வந்த கையோடு விற்கவோ கைமாற்றவோ கூடாது. கல்யாணச் சீராக மகளுக்குக் கொடுப்பதும் கைமாற்றம்தான். ஆக மூன்று பக்கமும் இடிக்கிறது. சாமான் அவருடையது இல்லை, அவர் புழங்கவில்லை, அவரிடம் இருக்கப் போவதும் இல்லை. இத்தனைக்கும் மேலே, உங்கள் மூன்று உருப்படியை அவர் பெட்டிக்குள் நுழைத்தால் அவருடைய நியாயமான விலக்குக்கும் கேள்வி வரும். பெட்டி முழுவதையும் பிரித்துப் பார்ப்பார்கள். பத்து வருடம் குடித்தனம் நடத்திவிட்டு நேர்மையாகத் திரும்புகிற மனிதனை அக்காவின் கட்டிலுக்காகத் துறைமுகத்தில் நிற்க வைக்காதீர்கள். அவர் சாமான் தனிப் பெட்டி, தனி கே-1. உங்கள் சாமான் தனிப் பெட்டி, தனி கே-1.

கே-1 என்பது இறக்குமதிக்கான கஸ்டம்ஸ் பாரம். என்ன சாமான், என்ன விலை, யார் இறக்குமதி செய்கிறார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அதில் பொய் எழுதினால் 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு பாயும். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. அந்த நேரத்தில் சென்னை ஏஜென்ட் சென்னையில் இருப்பார், பாரத்தில் உங்கள் பெயர் இருக்கும்.

இதே ஏஜென்ட் அடுத்ததாக, “பில்லில் 2,000 என்று போடுவோம்” என்று சொல்லக்கூடும். அதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில் விலை நம்பும்படியாக இல்லை என்றால் கஸ்டம்ஸ் அதை ஏற்காமல் தானே மதிப்புப் போட வழி இருக்கிறது. நீங்கள் வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்குச் சீட்டும் இருக்கிறது. கடலில் பெட்டி நசுங்கினால் இன்சூரன்ஸ் அந்த 2,000-த்துக்குத்தான் கணக்குப் பார்க்கும். இன்னும் சிலர், “500 வெள்ளிக்குள் பிரித்துப் பிரித்து அனுப்பினால் வரி இல்லை” என்பார்கள். அது விமானக் கூரியரில் வரும் சின்னப் பொட்டலங்களைப் பற்றிய பழைய பேச்சு. 2024 ஜனவரி 1 முதல் இணையத்தில் விற்று அனுப்பப்படும் அந்த மலிவுச் சாமான்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி வந்துவிட்டது. கட்டிலைக் கூரியரில் அனுப்பவும் முடியாது.

‘வாசலில் இறக்கித் தருகிறோம்’ என்ற வாக்கு எனக்கு மிகவும் கோபம் மூட்டுவது. உங்கள் மூன்று உருப்படிக்கு முழுக் கண்டெய்னர் தேவைப்படாது. பலர் சாமானோடு சேர்த்து ஏற்றுவார்கள், கன மீட்டர் கணக்கில் கூலி. சென்னையிலோ தூத்துக்குடியிலோ அந்தக் கூலியை நம்ப முடியாத அளவுக்குக் குறைத்துச் சொல்வார்கள். விட்ட காசை எடுப்பது இந்தப் பக்கத்தில். பெட்டி இறங்கியதும் கிடங்குக் கூலி, டெலிவரி ஆர்டர் கட்டணம், பத்திரக் கட்டணம், கையாளும் கூலி என்று ஒரு பில் வரும். அதைக் கட்டினால்தான் டெலிவரி ஆர்டர் கையில் கிடைக்கும், அது இல்லாமல் சாமான் வெளியே வராது. இந்தத் தொகையைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் கிடங்கு வாடகை ஏறும். தெலுக் இந்தான் பக்கம் ஒரு குடும்பத்துக்கு வாடகையும் கட்டணமும் சேர்ந்து சாமான் விலையையே தொட்டுவிட்டது, கடைசியில் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் செய்த ஒரே தப்பு, வாய்ப்பேச்சை நம்பியது. ஆகவே ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள்: மலேசியத் துறைமுகக் கட்டணம் உள்ளடக்கமா, வரி உள்ளடக்கமா, லாரி சுங்கை சிப்புட் வரை வருமா, மாடிக்கு ஏற்றித் தருவார்களா. இல்லை என்றால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு? எந்தத் துறைமுகம் என்பதும் முக்கியம். உங்கள் ஊருக்குக் கிள்ளானை விட, பினாங்குத் துறைமுகம் இருக்கும் பட்டர்வொர்த் கிட்டத்தில் இருக்கிறது. பினாங்கு வழியாக வர முடிந்தால் லாரிக் கூலி குறையும்.

ஊரில் 800 வெள்ளி கேட்கும் அந்த மனிதரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். சுங்கச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின் கீழ் கஸ்டம்ஸ் ஏஜென்ட் அனுமதி வைத்திருக்கிறாரா? இல்லை என்றால் அவர் வெறும் தரகர். உங்கள் காகிதத்தை வாங்கி இன்னொரு ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டு நடுவில் காசு பார்ப்பவர். கிள்ளானில் இருக்கும் ‘ஆள்’ அதிகாரி என்றால் அது இன்னும் மோசம். காப்பிக் காசு வாங்குகிறவர் மட்டும் இல்லை, கொடுக்கிறவரும் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் குற்றவாளி. சிலர் யாரோ ஒருவருடைய கம்பெனி பெயரில் சாமானை இறக்கித் தருவார்கள். அப்படி வந்தால் காகிதத்தில் அந்தக் கட்டில் உங்களுடையது இல்லை. தனி ஆளாக உங்கள் ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணிலேயே இறக்குமதி செய்யலாம், கம்பெனி எதுவும் தேவையில்லை. அனுமதி பெற்ற ஏஜென்ட்டுக்கு ஓர் அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். வேலை முடிந்ததும் கே-1 நகலும் வரி கட்டிய அதிகாரப்பூர்வ ரசீதும் கையில் வாங்குங்கள். ஏஜென்ட் தன் பில்லில் ‘டெக்ஸ்’ என்று ஒரு தொகை எழுதித் தருவது ரசீது ஆகாது. ரசீதில் 950 இருக்க, பில்லில் 1,800 எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சாமான் மரத்தைப் பற்றியும் கடைக்காரரிடம் கேட்க வேண்டும். தேக்குக்குப் பிரச்சினை இல்லை. அலமாரியிலோ கட்டில் தலைப்பலகையிலோ நூக்க மரம், அதாவது தோதகத்தி, கலந்திருந்தால் கதை வேறு. அந்த வகை மரம் முழுவதும் 2017-லிருந்து அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து அதற்கான சான்று இல்லாமல் ஏற்றக்கூடாது. இங்கே மரத் தொழில் வாரியத்தின் அனுமதியும் பார்க்க வேண்டும். பழைய செட்டிநாட்டு வீட்டிலிருந்து கழற்றிய சாமான் என்று பெருமையாகச் சொல்லி விற்றார்களா? 100 வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. பழசாகத் தெரியும் செதுக்கு வேலை என்றால், இது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். புதிதாகச் செய்தது என்றால் பில்லில் அப்படியே எழுதட்டும்.

பெட்டி அடிக்கும் சட்டத்துக்கும் விதி இருக்கிறது. மரச் சட்டம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, கோதுமைக் கதிர் படமும் எச்.டி. என்ற எழுத்தும் முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியை, மரத்தில் பூச்சி வருகிறதா என்று பார்க்கும் தனிமைப்படுத்தும் அதிகாரிகள் நிறுத்துவார்கள். காரைக்குடித் தச்சர் கையில் கிடைத்த பலகையில் பெட்டி அடித்துவிடுவார், முன்பே சொல்லிவையுங்கள்.

இதையெல்லாம் ஒரு குடும்பம் தானே தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்கு ஆறவே இல்லை. கஸ்டம்ஸ் ஒரு பக்கம், மர வாரியம் ஒரு பக்கம், தனிமைப்படுத்தும் அதிகாரிகள் ஒரு பக்கம். ஒவ்வொரு கவுண்டரும் அடுத்த கவுண்டரைக் கைகாட்டும், காத்திருக்கும் நாளுக்கெல்லாம் வாடகையை மட்டும் நீங்கள் கட்ட வேண்டும். விதிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் சட்ட நடையில் கிடக்கின்றன. தோட்டத்தில் நாற்பது வருடம் உழைத்தவர் ஒரு கட்டிலுக்காக அதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிக்கும் புதிய கணினி முறையைப் பற்றிப் பல வருடமாகப் பேசுகிறார்கள். இந்தக் குழப்பம் இருக்கிற வரைக்கும் தரகர்களுக்குப் பிழைப்பு இருக்கும்.

உங்கள் கடைக்காரருக்கு ஏற்றுமதி எண் இருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். இந்தியாவில் அதற்கு ஐ.இ.சி. என்று பெயர். இல்லை என்றால் யார் பெயரில் ஏற்றப் போகிறார், பில் யார் பெயரில் வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பில்லில் மூன்று உருப்படியும் தனித்தனி விலையோடு, மரத்தின் பெயரோடு இருக்கட்டும். ஊஞ்சலுக்குப் பித்தளைச் சங்கிலி வருகிறது என்றால் அதுவும் அதே பில்லில் ஏற வேண்டும், பெட்டிக்குள் சும்மா போட்டு அனுப்பக் கூடாது. இவை கைக்கு வந்த பிறகு மிச்சப் பணத்தை அனுப்புங்கள். பில்லின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், எச்.எஸ். எண்ணையும் விகிதத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.