வல்லாரைக் களிம்பும் சுண்டெலிக் காயமும்: கேள்வி பதில்

கடலூர், எம்.ஃபார்ம் மாணவி: மேடம், வல்லாரைக் களிம்பு காயத்தை ஆற்றுகிறதா என்று சுண்டெலியில் சோதிக்கிறோம். ஆனால் எதுவும் தடவாத சுண்டெலிக்கும் பத்துப் பன்னிரண்டு நாளில் காயம் மூடிவிடுகிறது. பிறகு எதை வைத்து ஒப்பிடுவது?

சுண்டெலியின் தோலுக்கு அடியில் பனிகுலஸ் கார்னோசஸ் என்ற மெல்லிய தசைப்படலம் உண்டு. காயத்தின் விளிம்பை அது உள்ளே இழுத்துவிடும். நம் தோலில் புதுத்திசு நிரம்பி, மேலே தோல் படர்வதுதான் முக்கியம். ஆகவே அந்த இழுவையைத் தடுக்கக் காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தையுங்கள். 6 மி.மீ. பஞ்ச் (வட்டமாகத் தோலை வெட்டும் கருவி) காயத்துக்கு 0.5 மி.மீ. தடிமன், 10 மி.மீ. உள்விட்டம் சரியாக இருக்கும். பசையை மட்டும் நம்பினால் சுண்டெலி மறுநாளே கடித்தெடுத்துவிடும். 6-0 என்ற மெல்லிய நைலான் நூலில் எட்டுத் தையல் போடுங்கள். களிம்பை அப்பினால் அது வளையத்தடியில் கசிந்து பிடிப்பைத் தளர்த்தும், மெல்லப் பூசுங்கள். வளையம் கழன்ற நாளிலிருந்து அந்தக் காயத்தின் அளவைச் சேர்க்கக் கூடாது. இந்த விதியைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

புதுச்சேரி, ஆய்வு மாணவர்: ஒப்பீட்டுக் குழுவை எதுவும் தடவாமல் விடலாமா மேடம்?

அது மட்டும் போதாது. களிம்பிலுள்ள பாரஃபின் காயத்தை ஈரமாக வைக்கும், ஈரக் காயம் தானாகவே வேகமாக ஆறும். வல்லாரை சேராத வெறும் களிம்பைத் தடவும் குழு இல்லையென்றால் பாரஃபின் செய்ததை வல்லாரையின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். களிம்பு அடிப்படை 1000 கிராமுக்கு: கம்பளிக் கொழுப்பு 50, கடின பாரஃபின் 50, செட்டோஸ்டியரில் ஆல்கஹால் 50, வெள்ளை மென் பாரஃபின் 850. வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, ஆறும்வரை கிளறுங்கள். 5 சதவீதம் என்றால் 95 கிராம் அடிப்படையில் 5 கிராம் வல்லாரைச் சாறு. சாறு இறக்கப் பயன்படுத்திய எத்தனால் அதில் மிச்சமிருந்தால் காயம் எரியும், முழுக்க ஆவியாக்கிவிடுங்கள்.

பாகூர்: ஏரிக்கரை வல்லாரையை ஐப்பசி மழையில் நிழலில் காயவைத்தால் பூசணம் பிடிக்கிறது.

பூசணம் கண்ட இலையைத் தூக்கிப் போடுங்கள். கிருமியும் காயத்துக்குள் போகும். 40 டிகிரியில் மின் உலர்த்தடுப்பில் உலர்த்துங்கள். செடியின் மாதிரி ஒன்றை ஹெர்பேரியத்தில் (உலர்செடிக் காப்பகம்) சேர்த்து எண் வாங்குங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலேயே ஹெர்பேரியம் இருக்கிறது.

நெய்வேலி: ஒரே முதுகில் இரண்டு காயம் போட்டால் ஆய்வின் மாதிரி எண்ணிக்கை இரட்டிப்பாகுமா?

ஆகாது. பத்துச் சுண்டெலிக்கு இருபது காயம் போட்டாலும் எண்ணிக்கை பத்துதான். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் வெறும் களிம்பு என்றும் வைக்காதீர்கள், சுண்டெலி தன் உடலைத் துடைத்துக்கொள்ளும்போது இரண்டையும் கலந்துவிடும். கூண்டுக்கு ஒரு சுண்டெலியாகப் பிரித்து வையுங்கள். கருப்புச் சுண்டெலியானால், மயிர் மழித்ததும் தோல் நிறத்தைப் பாருங்கள்: இளஞ்சிவப்பு என்றால் மயிர் ஓய்வில் இருக்கிறது, கருமை என்றால் வளர்கிறது. வளரும் இடத்தில் காயம் சீக்கிரம் ஆறும். இரண்டையும் கலந்தால் முடிவு குழம்பும்.

கடலூர்: வலிமருந்து கொடுத்தால் ஆய்வு கெடாதா?

கொடுத்தே ஆக வேண்டும். வலியில் துடிக்கும் உயிரின் காயமும் இயல்பாக ஆறாது. அழற்சியை அடக்கும் மெலாக்சிகாமைத் தவிர்த்து, பியூப்ரெனார்ஃபின் என்ற வலிமருந்தை எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவில் கொடுங்கள். மயக்கம் தெளியும்வரை 37 டிகிரி வெப்பத்திண்டு வேண்டும். வெளியே சித்திரை வெயில் கொளுத்தினாலும், ஏ.சி. அறை மேசையில் சுண்டெலி குளிர்ந்தே செத்துவிடும். நிறுவன விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் வராமல் ஒன்றையும் தொடாதீர்கள்.

விழுப்புரம்: காயம் படத்தில் ஆறியது போலிருக்கிறது, நுண்ணோக்கியில் பார்க்கும் திசு ஸ்லைடில் இல்லையே?

பொருக்கு ஏமாற்றுகிறது. படத்தில் அளவுகோல் இருக்கட்டும். எந்தக் குழு என்று தெரியாதவர் அளக்கட்டும். திசுவைக் காயத்தின் நட்ட நடுவில் வெட்டுங்கள். ஓரத்தில் வெட்டினால் பெரிய காயமும் சின்னதாகத் தெரியும்.