கிராணியும் கிளார்க்கும்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் தாத்தா மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர். ‘கிளார்க்’ என்ற ஆங்கிலச் சொல் தேவாலயக் குருமாரைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததாக அண்மையில் படித்தேன். அதைத்தான் தோட்டத்தில் ‘கிராணி’ என்று திரித்துவிட்டார்களா? மதச் சொல் என்றால் அதை விட்டுவிட்டு, ‘எழுத்தர்’ என்றே சொல்லலாமே?

அன்புள்ள தம்பி,

சென்ற மாதம் நான் பிறந்த தோட்டத்துக்குப் போய், கூரையில்லாமல் நின்ற பழைய ஆபீஸைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

‘எழுத்தர்’ நல்ல சொல், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கிராணி கிளார்க்கின் திரிபு அன்று. மலாய்க்காரர் ‘கெரானி’ என்பதும் வங்காளிகள் ‘கேரானி’ என்பதும் இதே சொல்தான்; வேர் ‘கரணம்’. சிலப்பதிகார உரை அடுக்கும் எண்பேராயத்தில், அதாவது அரசனுக்குத் துணைநின்ற எட்டுக் குழுக்களில், கணக்கெழுதும் ‘கரணத்தியலவர்’ முதலிலேயே வருகிறார்கள். கிராணி வீட்டுப் பேரன் இதையாவது விசாரித்திருக்க வேண்டாமா?

கிளார்க்கின் கதை வேறு. கிரேக்கத்தில் ‘கிளேரோஸ்’ என்றால் திருவுளச் சீட்டு. சீட்டில் விழுந்த பங்குக்கும் அதுவே பெயர். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்த சீட்டை, பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் இச்சொல்லால்தான் சொல்கிறது. நிலம் பெறாத லேவியர் என்ற யூதக் குருமார் குலத்துக்குக் கர்த்தரே பங்கு என்ற உபாகம வாக்கும் சேர்ந்து, குருமாருக்கு லத்தீனில் ‘கிளெரிக்குஸ்’ என்ற பெயர் நிலைத்தது. இடைக்கால ஐரோப்பாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அவர்களே என்பதால், பிற்பாடு பேனா பிடித்தவரெல்லாம் கிளார்க் ஆனார்.

மதச் சொல் என்று நீங்கள் கூசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது மதமன்று, எழுத்து ஒரு சிலர் கையில் மட்டும் இருந்ததுதான். இங்கிலாந்தில் தூக்குக் கயிற்றை எதிர்நோக்கிய குற்றவாளி ‘தேவனே, எனக்கு இரங்கும்’ என்ற பொருளில் தொடங்கும் 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வாசித்துக் காட்டினால், படித்தவன், ஆகவே குரு என்று கருதப்பட்டுப் பல குற்றங்களில் உயிர் தப்பலாம். அதற்குக் ‘கழுத்து வசனம்’ என்றே பெயர். வாசித்துக் காட்டும் சோதனை 1706இல் நின்றது; அந்தச் சலுகையே 1827இல்தான் ஒழிந்தது. ஒரு வசனம் வாசிக்கத் தெரிந்தால் உயிர், தெரியாவிட்டால் கயிறு! இதைப் படித்த இரவு எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

அம்மா பால் மரம் வெட்டியவள்; ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைத்தான் அப்படிச் சொல்வோம். மழை வந்து பால் கலைந்த நாள்களில், தன் பங்கு மரங்கள் முழுவதையும் வெட்டி முடித்திருந்தாலும், செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்தில் அரை நாள்தான் விழும். அவள் வெட்டிய மரங்களை விரல் விட்டு எண்ணிச் சொல்வாள். புத்தகமோ ஆங்கிலத்தில் இருக்கும். சம்பள நாளில் அவள் கட்டைவிரல் ரேகைகளுக்குள் பால் காய்ந்து அடைத்திருக்கும். முதல் தடவை ரேகை சரியாகப் பதியாது. கிராணியார் மணிக்கட்டைப் பிடித்து, ஊதா மையில் மறுபடி தோய்த்து அழுத்துவார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதே கிராணியார்தான் இரவில் எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த பாட்டியின் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டுவார். உங்கள் தாத்தாவும் அப்படிப் படித்துக் காட்டியிருப்பார்.

அவருடைய பெட்டியில் பழைய செக்ரோல் ஏதேனும் கிடந்தால், கரையான் அரித்திருந்தாலும் எரித்துவிடாதீர்கள். எனக்குச் சொல்லுங்கள், நானே சுங்கை சிப்புட்டுக்கு வந்து பார்க்கிறேன். அதில் கைரேகை வைத்தவர்களின் பெயர்களைத் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.

அன்புடன்.